வாக்குத்தத்த அட்டையும் கறுத்துப்போன கட்டைவிரலும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

"கடவுள் என்ன சொல்றார்னு பார்த்துட்டு வர்றோம் டாக்டர்." அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் இந்த வாக்கியம் பழக்கம். எந்த ஒரு மதத்துக்கும் மட்டும் சொந்தமான வாக்கியம் இல்லை இது. ஆபரேஷனுக்கு முன்னாடி குலதெய்வம் கோயிலில் பூக்கட்டிப் பார்த்துட்டு வர்றவங்க இருக்காங்க. சாமியாடியிடம் கேட்டுட்டு வர்றவங்களும் இருக்காங்க. ஆனா நான் வளர்ந்தது கிறிஸ்தவ வீட்டில். உள்ளே இருந்து எனக்குத் தெரிந்தது அந்த வீடுதான், அதனால அதைப் பற்றி மட்டும் எழுதுறேன்.

ஒரு அண்ணாச்சி. வயசு ஐம்பதைத் தாண்டியவர். மளிகைக் கடை வச்சிருக்கார். பன்னிரண்டு வருஷமா சுகர். (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாற்றியிருக்கேன்.)

நவம்பரில் ஓ.பி.க்கு வந்தார். வலது கால் கட்டைவிரலில் புண். எப்போ வந்ததுன்னு அவருக்கே தெரியலை. கடைக்குள்ளே செருப்பு போடுறதில்லை. ஏதோ ஆணியோ, உடைந்த பாட்டில் துண்டோ குத்தியிருக்கணும். குத்தினதும் தெரியலை, சீழ் பிடிச்சதும் தெரியலை. காலுறையில் கறை இருக்குன்னு அவர் மனைவி பார்த்துதான் கூட்டிட்டு வந்தாங்க.

இதுதான் சுகரின் வேலை. வருஷக்கணக்கில் ரத்தத்தில் சர்க்கரை கூடவே இருந்தா, பாதத்து நரம்புகள் உணர்வை இழந்துடும். வலின்னு ஒண்ணு இருந்தாதானே மனுஷன் காலைக் குனிந்து பார்ப்பான்? சர்க்கரை நோயால் காலை இழக்கிறவங்களில் ஏறத்தாழ 85 சதவீதம் பேருக்கு, முதலில் இருந்தது இந்த மாதிரி ஒரு சின்னப் புண்தான்.

இன்சுலின் ஆரம்பிச்சோம். தினமும் கட்டு மாற்ற வரச் சொன்னோம். ஒழுங்கா வந்தார். ஆனாலும் டிசம்பர் நடுவில் விரல் நுனி கறுத்துடுச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே சர்ஜன் பார்த்துட்டு, "இந்த ஒரு விரலை எடுத்துடலாம், இப்போ எடுத்தா கால் பிழைக்கும்"னு சொல்லி, ஜனவரி முதல் வாரத்தில் அட்மிஷனுக்குத் தேதி எழுதிக் கொடுத்தார்.

நடுவில் டிசம்பர் 31 வந்தது.

எங்க திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் இருக்கிறவங்களுக்கு அந்த ராத்திரியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மற்றவங்களுக்காகச் சொல்றேன். பதினொன்றரைக்கு ஆராதனை ஆரம்பிக்கும். பன்னிரண்டுக்கு மணி அடிக்கும். புது வேட்டி, புதுச் சேலை. பல சபைகளில் ஒரு தட்டு நிறைய சின்னச் சின்ன அட்டை வச்சிருப்பாங்க. ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம். வரிசையில் போய் ஆளுக்கு ஒன்று எடுக்கணும். அதுதான் அந்த வருஷத்துக்கான வாக்குத்தத்தம். கடவுள் தனக்காகவே கொடுத்த வார்த்தைன்னு வருஷம் முழுக்க பர்ஸில் வச்சிருப்பாங்க.

அண்ணாச்சியால் வரிசையில் நிற்க முடியலை. அவருக்கும் சேர்த்து மனைவி எடுத்தாங்க. வந்தது சங்கீதம் 121, மூன்றாம் வசனம். கர்த்தர் உன் காலைத் தடுமாற விடமாட்டார் என்ற பொருளில் வரும் வசனம்.

யோசிச்சுப் பாருங்க. ஒரு வாரத்தில் விரலை எடுக்கப் போறாங்க. தட்டில் அத்தனை அட்டை இருக்கு. கைக்கு வந்தது காலைப் பற்றிய வசனம். நானா இருந்தாலும் உடம்பு சிலிர்த்திருக்கும்.

அட்மிஷனுக்கு அவர் போகலை. கட்டு போடவும் வரலை. வீட்டிலேயே எண்ணெய் பூசி ஜெபம் பண்ணினாங்க. பிப்ரவரி கடைசியில் ஒரு ராத்திரி டூட்டியில் நான் இருந்தப்போ ஆட்டோவில் கொண்டு வந்தாங்க. அறைக்குள் வர்றதுக்கு முன்னாடியே வாடை வந்துடுச்சு. சுகர் 400-க்கு மேல். காய்ச்சல், பிதற்றல். கறுப்பு கணுக்காலைத் தாண்டியிருந்தது. ட்ரிப்ஸ் போட்டு, முதல் டோஸ் ஆன்டிபயாடிக் கொடுத்து, 108-இல் ஏற்றி அனுப்பினோம். முழங்காலுக்குக் கீழே எடுத்தாங்க. உயிர் பிழைச்சார்.

அன்னிக்கு ராத்திரி நான் செஞ்ச தப்பையும் எழுதிடறேன். ஏன் வரலைன்னு கேட்டப்போ அந்த அக்கா பர்ஸிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினாங்க. நான் கத்தினேன். "அட்டையைப் பார்த்துத்தான் காலை முடிவு பண்ணுவீங்களா?"ன்னு நர்ஸ்கள், மற்ற நோயாளிகள் எல்லார் முன்னாடியும் கேட்டேன். அவங்க ஒண்ணும் சொல்லலை. அட்டையை முந்தானையில் முடிஞ்சுகிட்டு ஓரமா நின்னாங்க. தன் கையால எடுத்த அட்டை. வருஷம் முழுக்க அவங்க மனசில் அது என்ன பண்ணும்னு அந்த நேரத்தில் எனக்குத் தோணலை.

ஏப்ரலில் அண்ணாச்சி எங்க ஆஸ்பத்திரிக்கே கட்டு மாற்ற வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். கட்டு போட்டு முடிச்சதும் மெதுவா கேட்டார்: "சார், நீங்களும் கோயிலுக்குப் போறவங்கதான. அப்ப அந்த வசனம் பொய்யா சார்?"

எனக்கு உடனே பதில் வரலை. எம்.பி.பி.எஸ். சிலபஸில் இந்தக் கேள்வி இல்லை. "நாளைக்குச் சொல்றேன் அண்ணாச்சி"ன்னு அனுப்பிட்டு, வீட்டுக்குப் போய் வேதப்புத்தகத்தை எடுத்தேன்.

சங்கீதம் 121 மொத்தமே எட்டு வசனம். முழுசா படிச்சா இரண்டு நிமிஷம். அது ஒரு பயணப் பாட்டு. எருசலேம் பண்டிகைக்கு மலைப்பாதையில் நடந்து போற ஜனங்கள் பாடின "ஆரோகண சங்கீதங்கள்" வரிசையில் ஒன்று. சறுக்குகிற மலை, சுடுகிற வெயில், ராத்திரிப் பயம், இதற்கு நடுவில் காவலன் தூங்கமாட்டான்னு பாடிக்கிட்டே நடக்கிறாங்க. அழகான பாட்டு. அதில் எந்த வைத்தியத்துக்கும் தடை இல்லை. எந்த விரலைப் பற்றியும் தீர்ப்பு இல்லை.

அதைவிட என்னை உலுக்கினது வேறொரு இடம். மத்தேயு நான்காம் அதிகாரம். பிசாசு இயேசுவைத் தேவாலயத்தின் உச்சியில் நிறுத்தி, கீழே குதின்னு சொல்றான். ஆதாரமா ஒரு வசனத்தையும் காட்டறான். சங்கீதம் 91. தூதர்கள் உன்னைத் தாங்குவாங்க, உன் கால் கல்லில் மோதாதுன்னு வரும் வசனம். அங்கேயும் கால்தான்! வசனம் உண்மையான வசனம்தான். எழுத்துப் பிழைகூட இல்லை. ஆனா அதை நம்பிக் குதிக்கிறதை இயேசு விசுவாசம்னு சொல்லலை. கடவுளைச் சோதிச்சுப் பார்க்காதேன்னு உபாகமத்திலிருந்து இன்னொரு வசனத்தை எடுத்துப் பதில் சொன்னார். எத்தனை பிரசங்கத்தில் இந்தப் பகுதியைக் கேட்டிருப்பேன். ஆஸ்பத்திரியோடு சேர்த்து ஒரு நாளும் யோசிச்சதில்லை.

மறுநாள் அண்ணாச்சியிடம் இதைத்தான் சொன்னேன். "வசனம் பொய்யில்லை அண்ணாச்சி. அது உங்க விரலைப் பற்றிப் பேசின வசனம் இல்லை. டிசம்பர் கடைசியில உங்க சட்டைப் பையில இரண்டு சீட்டு இருந்துச்சு. ஒண்ணு இந்த அட்டை. இன்னொண்ணு சர்ஜன் தேதி எழுதின ஓ.பி. சீட்டு. கடவுள் ஒண்ணுலதான் பேசுவார்னு நாமளா முடிவு பண்ணிட்டோம்."

அவர் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னார்: "ஆசா ராஜா கதையையும் சொன்னாங்க சார்."

இது கிறிஸ்தவர் அல்லாத டாக்டர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. இரண்டாம் நாளாகமம் 16-இல் வரும். யூதாவின் ராஜா ஆசாவுக்குக் காலில் கொடிய வியாதி. அவன் கர்த்தரைத் தேடாம வைத்தியர்களைத் தேடினான்னு எழுதியிருக்கும். பிறகு செத்துப்போனான். சொந்தக்காரர் ஒருத்தர் ஜனவரியில் வீட்டுக்கு வந்து, அந்தக் கறுத்த விரலைப் பார்த்துக்கிட்டே இதைச் சொல்லியிருக்கார். கால் வியாதிக்காரனிடம் கால் வியாதி ராஜா கதை. அதற்கு மேல் யார் ஆபரேஷனுக்குப் போவா?

ஆனா அந்த அதிகாரத்தை முதலிலிருந்து படிங்க. ஆசாவின் தப்பு ஆஸ்பத்திரிக்குப் போனது இல்லை. பகை ராஜா வந்தப்போ தேவாலயத்துப் பொன்னையும் வெள்ளியையும் எடுத்து சீரியா ராஜாவுக்குக் கொடுத்து உதவி கேட்டான். அது தப்புன்னு சொல்ல வந்த தீர்க்கதரிசியை ஜெயிலில் போட்டான். ஜனங்களையும் கொடுமைப்படுத்தினான். கடவுளை ஒதுக்கிட்டவனின் கடைசிக் காட்சிதான் அது.

அதே வேதத்தில் எசேக்கியா ராஜா இருக்கான். சாகக் கிடந்தவன். அழுது ஜெபம் பண்றான். இன்னும் பதினைந்து வருஷம் தர்றேன்னு ஏசாயா மூலம் வாக்கு வருது. அசல் வாக்குத்தத்தம், சந்தேகமே இல்லை! அதற்கப்புறம் அதே ஏசாயா என்ன சொல்றார்? அத்திப்பழ அடையைப் பிளவையின் மேல் வச்சுக் கட்டச் சொல்றார். அந்தக் காலத்துக் கட்டு அது. வாக்கும் வந்தது, கட்டும் போட்டாங்க. இரண்டும் ஒரே அதிகாரத்தில் இருக்கு. ஏசாயா 38. போய்ப் பாருங்க. சுவிசேஷம் எழுதின லூக்காவே வைத்தியர்தான்னு கொலோசெயரில் பவுல் எழுதியிருக்கார். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கு அதே பவுல் மருந்தாகக் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கச் சொல்லியிருக்கார். ஜெபம் மட்டும் போதும்னு எழுதலை.

இப்போ என் வீட்டுக் கதை.

எங்க வீட்டில் ஒரு வாக்குத்தத்தப் பெட்டி உண்டு. உள்ளே சுருட்டி வச்ச சின்னச் சீட்டுகள். பி.ஜி. நீட்டில் மார்க் வராத வருஷம், அடுத்து என்ன பண்ணலாம்னு தெரியாம அம்மா என்னை எடுக்கச் சொன்னாங்க. எடுத்தேன். பாவத்தின் சம்பளம் பற்றி வந்தது. உள்ளே போட்டுட்டு இன்னொண்ணு எடுத்தேன். ஏதோ ஒட்டகம், கழுதை கணக்கு. மூன்றாவதா எரேமியா 29:11. நல்ல எதிர்காலம் தர நினைத்திருக்கேன்னு வரும் வசனம். "ஆமா, இதுதான் எனக்கு"ன்னு வச்சுக்கிட்டேன்.

சிரிக்காதீங்க, எல்லா வீட்டிலும் இதுதான் நடக்குது. பிடிச்சது வரும் வரைக்கும் எடுக்கிறோம். முடிவு நம்ம முடிவுதான், அதில் கடவுளின் கையெழுத்தைப் போட்டுக்கிறோம், அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் அதற்கு முந்தின வசனத்தைப் படிச்சேன். பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போன ஜனங்களுக்கு எழுதின கடிதம் அது. அந்த நல்ல எதிர்காலம் எழுபது வருஷம் கழிச்சுன்னு போட்டிருக்கு! அதுவரைக்கும் அங்கேயே வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, கல்யாணம் பண்ணுங்க, இருக்கிற ஊரின் நன்மைக்கு வேலை செய்ங்கன்னு சொல்லுது கடிதம். எனக்கு உண்மையான வழிகாட்டல் அந்த முந்தின வசனங்களில்தான் இருந்தது. ஆனா எந்த அட்டையிலும் அதை அச்சடிக்கிறதில்லை.

இது புதுப் பழக்கமும் இல்லை. 386-இல் மிலான் நகரத்துத் தோட்டத்தில் அகஸ்டின் பவுலின் நிருபத்தைத் திறந்து, கண்ணில் பட்ட பகுதியைப் படிச்சு வாழ்க்கையே மாறினார். எல்லாரும் இந்தக் கதையைச் சொல்வாங்க. ஆனா அதே அகஸ்டின் பிற்காலத்தில் ஒரு கடிதத்தில், உலக காரியங்களுக்காக சுவிசேஷப் பக்கங்களைத் திறந்து குறி பார்க்கிற வழக்கம் தனக்குப் பிடிக்கலைன்னு எழுதினார். 506-இல் பிரான்சின் தெற்கே ஆக்டே என்ற ஊரில் கூடின சபைச் சங்கம், இப்படிக் குறி பார்க்கிறவங்களைச் சபையை விட்டு விலக்கணும்னே சட்டம் போட்டது. ஜான் வெஸ்லி 1737-இல் ஒரு பெண்ணைக் கல்யாணம் பண்ணலாமான்னு மூணு சீட்டு எழுதிப் போட்டுப் பார்த்திருக்கார். வந்தது, இனி அதைப் பற்றி நினைக்காதே என்ற சீட்டு. அவ்வளவு பெரிய மனுஷரே அப்படின்னா, எங்க அம்மாவை நான் என்ன குறை சொல்ல?

"கிதியோன் தோலைப் போட்டு அடையாளம் கேட்கலையா?"ன்னு கமெண்டில் கேட்பீங்க. கேட்டான். ஆனா என்ன செய்யணும்னு அவனுக்கு அதற்கு முன்னாடியே தெளிவாச் சொல்லியாச்சு. பயத்தில் கேட்டான், அதுவும் இரண்டு தடவை. மத்தியாவைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தாங்களேன்னும் கேட்கலாம். அது அப்போஸ்தலர் முதல் அதிகாரம். அதற்கப்புறம் புதிய ஏற்பாட்டில் சபை எந்த முடிவையும் சீட்டுப் போட்டு எடுக்கலை. பதினைந்தாம் அதிகாரத்தில் பெரிய பிரச்சினை வருது. உட்கார்ந்து பேசறாங்க, வாக்குவாதம் பண்றாங்க, அனுபவத்தைக் கேட்கிறாங்க, வேதத்தைப் பார்க்கிறாங்க. கடைசியில் பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் இது நலமாத் தோணினதுன்னு கடிதம் எழுதறாங்க. எங்களுக்கும்! தலையைக் கழற்றி வெளியே வச்சுட்டு வழி கேட்கச் சொல்லி எங்கேயும் இல்லை.

நம்ம மண்ணிலேயே ஒரு கதை இருக்கு. திண்டிவனத்தில் டாக்டர் தகப்பனார் வீட்டுக்கு வந்திருந்த இளம்பெண் ஐடா ஸ்கடர். இந்தியாவில் தங்கவே அவருக்கு இஷ்டம் இல்லை. ஒரே ராத்திரியில் மூணு பேர் அடுத்தடுத்து கதவைத் தட்டறாங்க. மூணு பேரின் மனைவியும் பிரசவத்தில் தவிக்கிறாங்க. ஆண் டாக்டர் வேண்டாம், நீங்க வாங்கன்னு கூப்பிடறாங்க. இவருக்கோ வைத்தியம் தெரியாது. விடியறதுக்குள்ள மூணு பெண்களும் செத்துப்போனாங்க. அதைத்தான் அவர் கடவுளின் அழைப்பா எடுத்துக்கிட்டார். அமெரிக்கா போய்ப் படிச்சு 1899-இல் டாக்டர் ஆனார். 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பிச்சதுதான் இன்றைக்கு சி.எம்.சி. அவருக்கு வழி காட்டினது, வாசலில் வந்து நின்ன தேவைதான்.

நான் வாக்குத்தத்த அட்டையை ஒழிக்கச் சொல்லலை. கீமோ வார்டில் தலையணைக்கு அடியில் அந்த அட்டையை வச்சுக்கிட்டு ஆறு சைக்கிள் தாங்கின பெண்களைப் பார்த்திருக்கேன். அந்த தைரியத்தை என்னால் எழுதிக் கொடுக்க முடியாது, மருந்துக் கடையிலும் கிடைக்காது. சிகிச்சையைத் தாங்க வசனம் பிடிச்சுக்கோங்க. சிகிச்சை வேணுமா வேண்டாமான்னு அட்டையிடம் கேட்காதீங்க.

குருவானவர்களுக்கு (எங்க ஊரில் ஐயர்னு சொல்வோம்) ஒரு விண்ணப்பம். அட்டைத் தட்டை எடுத்து வைக்கும்போது ஒரு வரி சொல்லுங்க. "இதை வாங்கிட்டு மாத்திரையை நிறுத்தாதீங்க, ஆபரேஷன் தேதியைத் தள்ளாதீங்க." நாங்க ஓ.பி.யில் நூறு தடவை சொல்றதைவிட நீங்க ஒரு தடவை பீடத்திலிருந்து சொன்னா நிற்கும். சொல்றவங்க இருக்கீங்க, தெரியும். நன்றி.

கூடவே கோயில் வாசல் விஷயமும். செருப்பைக் கழற்றிட்டு வெயிலில் சுடுகிற சிமெண்டுத் தரையில் நடக்கிற சுகர்காரங்களுக்குப் பாதம் கொப்பளிச்சாலும் தெரியாது. ஆகஸ்டு கடைசியில் வெறுங்காலோடு வேளாங்கண்ணிக்கு நடக்கிறவங்களில் சுகர் இருக்கிறவங்க தயவுசெய்து நல்ல செருப்போடு நடங்க. தினமும் ராத்திரி விரல் இடுக்கைப் பாருங்க. குனிய முடியாட்டி தரையில் கண்ணாடியை வச்சுப் பாருங்க, இல்லேன்னா வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்க. வலிக்கலைங்கிறதுக்காக நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லை.

சக டாக்டர்களுக்கும் ஒன்று. நோயாளி திடீர்னு வராம போனா "பணம் இல்லையா? வண்டி இல்லையா?"ன்னு கேட்கிறோம். "யாராவது ஏதாவது சொன்னாங்களா? ஜெபத்தில் ஏதாவது வந்ததா?"ன்னும் கேட்கணும். கிண்டல் இல்லாம கேட்கணும். டிசம்பரில் நான் அனுப்பி வச்சப்போ இதை ஒரு தடவை கேட்டிருந்தா, அந்த அக்கா ஜனவரியில் எனக்கு அட்டையைக் கொண்டு வந்து காட்டியிருப்பாங்க. விரலை எடுத்திருந்தா கால் நிச்சயம் தப்பியிருக்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. வாய்ப்பு நிறைய இருந்தது.

அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க எடுத்த அட்டையால அண்ணாச்சிக்குக் கால் போகலை அக்கா. வியாதியால போச்சு. கத்தினது என் தப்பு"ன்னு சொன்னேன். "சரி சார், விடுங்க" அப்படின்னாங்க. விட்டாங்களான்னு தெரியலை.

அண்ணாச்சி இப்போ செயற்கைக் காலோடு கடையில் உட்கார்றார். இந்த ஜனவரி இரண்டாம் தேதி இரண்டு பேரும் ஓ.பி.க்கு வந்தாங்க. அக்கா பர்ஸைத் திறந்து புது அட்டையைக் காட்டினாங்க. வாங்கிப் படிச்சுட்டு, நல்லா இருக்கு அக்கான்னு திருப்பிக் கொடுத்தேன். "இடது காலையும் பாத்துருங்க சார்"னு அவங்களே செருப்பைக் கழற்றினாங்க.

மூன்றாவது, நான்காவது விரலுக்கு நடுவில் லேசாச் சேற்றுப்புண். களிம்பு எழுதிக் கொடுத்து, வெள்ளிக்கிழமை திரும்ப வரச் சொன்னேன். வந்தாங்க.